மறு: மின்சைக்கிள், இழுபெட்டி, உள்காடு – எல்க் வேட்டைப் பகுதிக்கான சொற்கள்

வணக்கம் எல்லாருக்கும்,

நம்ம சொல் பட்டியல்ல எல்க் வேட்டைப் பகுதிக்குத் தமிழ்ச் சொல் என்ன வைக்கறதுன்னு ரெண்டு மூணு நாளா மடல் மேல மடலா வந்துருக்கு, ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா பதில் போட்டா இழை பிரிஞ்சு போயிரும்னு எல்லாத்தையும் சேர்த்து ஒரே மடல்ல எழுதுறேன், நீளமாத்தான் இருக்கும்.

புதுசா சேர்ந்தவங்களுக்கு முதல்ல ஒரு விளக்கம். அமெரிக்காவோட மேற்கு மலை மாநிலங்கள்ல, கொலராடோ, ஐடஹோ, மொன்டானா, யூட்டா பக்கம், எல்க்குங்கற பெரிய மானை வேட்டையாட இப்ப நெறைய பேர் மின்சைக்கிள்ல போறாங்க, பின்னாடி ஒரு சின்ன டிரெய்லரையும் மாட்டிக்கிட்டு. இந்தியாவுல 1972 வனவிலங்குச் சட்டம் வந்ததுக்கு அப்புறம் வேட்டைச் சொல்லெல்லாம் நம்ம பேச்சுல இருந்து மெல்ல மெல்லப் போயிருச்சு, இருக்கறதும் பழைய சொல்தான். அங்க அது லைசென்ஸ் எடுத்து, சீசன் பார்த்து, அடிச்ச மானோட கறியை வீணாக்காம வீடு கொண்டு சேர்க்கற வேலை. கறியை அப்படியே காட்டுல விட்டுட்டு வந்தா பல மாநிலத்துல அதுவே தனிக் குற்றம். அதனாலதான் சுமக்கற சங்கதிக்கு இவ்வளவு சொல் வேண்டியிருக்கு.

> மோட்டரைஸ்டு, மெக்கனைஸ்டு ரெண்டுக்கும் "இயந்திர" போதும். ஒரே சொல்லுக்கு ரெண்டு தமிழ் எதுக்கு?

அண்ணா, நீங்க சொல்ற மத்த எல்லாத்துலயும் நான் உடன்படறேன், இதுல மட்டும் முடியாது, ஏன்னா இந்த மொத்தப் பகுதியும் இந்த வித்தியாசத்து மேலதான் நிக்குது. 1964ல அங்க ஒரு சட்டம் வந்துச்சு, மனுஷன் கை படாத நிலத்தை அப்படியே காப்பாத்தி வைக்கறதுக்கு. இன்னைக்கு 11 கோடி ஏக்கருக்கு மேல அந்தச் சட்டத்துக்குள்ள இருக்கு. அந்த நிலத்துக்குள்ள மோட்டார் வண்டி கூடாதுன்னு சொல்லிட்டு அதோட நிறுத்தல, மெக்கானிக்கல் போக்குவரத்து எதுவுமே கூடாதுன்னும் சேர்த்தே எழுதியிருக்காங்க. வனத்துறை அதுக்குக் குடுக்கற விளக்கத்துல சாதா சைக்கிள் வருது, கையால தள்ளற வண்டி வருது, செத்த மானை ஏத்தித் தள்ளிட்டு வர்ற ஒத்தச் சக்கர வண்டி கூட வருது. உயிருள்ள சக்தியால ஓடினாலும் சரி, இல்லாட்டியும் சரி, அசையற பாகம் இருந்து வேலையைச் சுலபமாக்குச்சுன்னா அது உள்ள போகக் கூடாது. நடையா போகலாம், குதிரையில போகலாம், கழுதை மேல கறி ஏத்தி வரலாம். மருத்துவத் தேவைக்கான சக்கர நாற்காலிக்கு மட்டும் விலக்கு.

சரி, அந்த எல்லைக்கு வெளியே இருக்கற சாதாரண தேசியக் காட்டுல கதை வேற. அங்க பல மண்ரோட்டுல இரும்புக் கேட் போட்டு மோட்டார் வண்டி கூடாதுன்னு போர்டு இருக்கும், ஆனா சாதா சைக்கிளை கேட்டுக்கு அந்தப் பக்கம் தூக்கி வெச்சு மிதிச்சுட்டுப் போகலாம், பல இடத்துல தடையே இல்ல. மின்சைக்கிளை அப்படிக் கொண்டு போக முடியாது, வனத்துறை கணக்குல அது மோட்டார் வண்டி, மோட்டாருக்குத் திறந்த பாதையில மட்டுந்தான் ஓடணும், தனியா அனுமதி குடுத்த பாதை இருந்தா அது விலக்கு. பி.எல்.எம்.ங்கற மத்திய அரசு நில நிர்வாகத் துறை கையில இருக்கற நிலத்துல இன்னொரு மாதிரி, 2019ல உள்துறைச் செயலர் ஒரு ஆணை போட்டு, 2020ல விதி எழுதி, அந்தந்த ஊர் அதிகாரி பாதை பாதையா பார்த்து மின்சைக்கிளுக்கு அனுமதி குடுக்கலாம்னு வெச்சாங்க, குடுக்காத வரைக்கும் அங்கயும் அது மோட்டார் வண்டிதான். ஆக ஒரே நாள்ல ஒருத்தர் மூணு விதமான நிலத்தைத் தாண்டிப் போகலாம், மூணுலயும் அவர் வண்டிக்குச் சட்டம் வேற வேற. இந்த ரெண்டு சொல்லையும் "இயந்திர"ன்னு எழுதிட்டா தமிழ்ல படிக்கறவருக்கு எந்த போர்டுல எது தடைன்னே புரியாது, அபராதம் கட்டப் போறது அவர்தான்.

என் பரிந்துரை எளிமையானது. மோட்டார் வாகனம்ங்கற சொல்லை அப்படியே வெச்சுக்கலாம், நம்ம ஊர்ச் சட்டத்துலயே அதுதான் இருக்கு, ஆர்.டி.ஓ. ஆபீஸ் போன எல்லாருக்கும் தெரியும். இன்னொண்ணுக்கு சக்கர வாகனம். வனத்துறை விளக்கத்துல பாய்மரப் படகு, பாரசூட்டுன்னு சக்கரம் இல்லாததும் வருதுன்னு எனக்குத் தெரியும், ஆனா வேட்டைக்காரர் தரையில கொண்டு போறது எல்லாமே சக்கரம் வெச்சதுதான், இந்தப் பட்டியலுக்கு அது போதும். "மோட்டார் வாகனத்துக்குத் தடை", "சக்கர வாகனம் எதுக்குமே தடை", ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் படிச்சுப் பாருங்க, குழந்தைக்குக் கூடப் புரியும்.

> "பொறி ஊர்தி" நல்லா இருக்கே, சங்கச் சொல்லும் கூட.

ஐயா, அழகான சொல்தான், வேற எந்தப் பட்டியலா இருந்தாலும் நானே எடுத்துக்குவேன். வேட்டைப் பட்டியல்ல பொறின்னா எலிப்பொறி, புலிப்பொறின்னுதான் முதல்ல காதுல விழும். அமெரிக்காவுல பொறி வெச்சுப் பிடிக்கறதுக்குத் தனி லைசென்ஸ், தனி சீசன், அதுக்கும் நமக்குச் சொல் தேவைப்படும், அந்த இடத்துல பொறி கண்டிப்பா வேணும். அதை இங்க செலவழிச்சுறக் கூடாது.

அடுத்து வண்டியோட பேரு. மின்மிதிவண்டின்னு தலைச்சொல் இருக்கட்டும், மின்சைக்கிள்னு பேச்சுச் சொல்லையும் கூடவே போடலாம், இலங்கை நண்பர் கேட்ட மின்துவிச்சக்கர வண்டியையும் மாற்றுச் சொல்லா சேர்த்துக்கலாம், எனக்கு எதிர்ப்பு இல்ல. ஆனா அங்க கிளாஸ் 1, 2, 3ன்னு பிரிச்சிருக்கற உள்வகை மூணையும் வெறும் நம்பரா விட்டுறக் கூடாது. முதல் வகை, மிதிச்சா மட்டும் மோட்டார் உதவும், மணிக்கு 20 மைல், அதாவது 32 கிலோமீட்டர் தொட்டதும் உதவி நின்னுரும். ரெண்டாவது, மிதிக்காமலே கையால முறுக்கினா போகும், அதுக்கும் 20 மைல்தான். மூணாவது, மிதிச்சாத்தான் உதவும் ஆனா 28 மைல், 45 கிலோமீட்டர் வரைக்கும். மோட்டார் சக்தி 750 வாட்டைத் தாண்டக் கூடாது. இதுக்கு மிதிவகை, முறுக்குவகை, விரைவு மிதிவகைன்னு வெச்சா என்ன? சில வண்டியில முறுக்காம கட்டைவிரலால அழுத்தறதுதான் இருக்கு, ஆனாலும் "முறுக்கு"ன்னா வேகம் கூட்டறதுன்னு நம்ம ஊர் பசங்க எல்லாருக்கும் தெரியும், அதை விட உயிரோட இருக்கற சொல் நமக்குக் கிடைக்காது. வேட்டைக்குன்னே விக்கற வண்டியில 1000 வாட் மோட்டாரும் ரெட்டை மோட்டாரும் சகஜம், அதெல்லாம் இந்த மூணு வகைக்குள்ளயே அடங்காது. அதுக்கு வகைமீறின்னு ஒரு சொல் போடணும்னு நெனைக்கறேன், வாங்கறவங்க இதைக் கவனிக்காம பல ஆயிரம் டாலர் குடுத்துட்டு அப்புறம் எந்தப் பாதையில ஓட்டறதுன்னு தேடறாங்க.

> ஓசை வராததால "மௌன வண்டி"ன்னு வைக்கலாமா?

வேண்டாம் தம்பி, அது விளம்பரக்காரங்க பேச்சு. கரடுமுரடான தரையில ஓட்டற நாலு சக்கர மோட்டார் வண்டி, அதான் ஏ.டி.வி., அதை விட சத்தம் குறைவுங்கறது நெசந்தான், பெட்ரோல் வாடையும் இல்ல, வில்லோட போறவங்களுக்கு அது பெரிய வசதி. ஆனா ஒரேகான்ல ஸ்டார்க்கிங்கற ஆய்வுக் காட்டுல எல்க் கழுத்துல கருவி கட்டிப் பார்த்தப்ப, ஏ.டி.வி. ஓடற பாதையை விட்டு அதிகமா விலகிப் போச்சுங்க, அதுக்கு அடுத்தபடியா மலைச் சைக்கிள் பாதையை விட்டு, நடக்கறவங்களும் குதிரைக்காரங்களும் அதுக்கு அப்புறம்தான். மான் ஓடறதுக்குக் காரணம் சத்தம் மட்டும் இல்ல. மௌனம்னு பேரு வெச்சு நம்ம படிக்கறவங்களை ஏமாத்தக் கூடாது.

இப்ப டிரெய்லர். இதுலதான் எனக்கு ரொம்ப ஆசை, ஏன்னா நம்ம மாட்டு வண்டிச் சொல்லெல்லாம் இங்க வந்து அப்படியே உக்காருது.

> இழுவண்டி.

இழுவண்டின்னா இழுக்கற வண்டியா இழுபடற வண்டியா? வினைத்தொகைக்கு இதுதான் சிக்கல், ரெண்டு பக்கமும் போகும். பேச்சுல டிராக்டரைக் கூட இழுவைன்னு சொல்றாங்க. அதுவே இழுபெட்டின்னு சொன்னா சந்தேகமே வராது, பெட்டி எதையும் இழுக்காது. டிராக்டர் பின்னாடி மாட்டறதை இலங்கையில பெட்டின்னுதான் சொல்றாங்க, தமிழ்நாட்டுலயும் டிரெய்லர் பெட்டிங்கற வழக்கு இருக்கு. வெறும் பைப் சட்டம், மேல பலகை, அதுல பெட்டியே இல்லையேன்னு அக்கா கேட்டீங்க. சுவர் இல்லாத டிராக்டர் டிரெய்லரையும் ஊர்ல பெட்டின்னுதான சொல்றாங்க, அதனால ஓடும்னு நெனைக்கறேன்.

உறுப்புகளுக்கு, சைக்கிளோட இணைக்கற நீட்டுக் கம்பிக்கு ஏர்க்கால். மாட்டு வண்டியில நுகத்தடியையும் வண்டியையும் சேர்க்கறது அதுதான், வேலையும் அதே வேலை. சைக்கிள் பின் அச்சுல மாட்டற இடத்துக்குக் கொக்கி. சக்கரத்து நடுவுல இருக்கறதுக்குக் குடம், இதை வெச்சே மோட்டார் வகையையும் முடிச்சுறலாம், சக்கரத்து நடுவுல மோட்டார் இருந்தா குட மோட்டார், மிதிகட்டை அச்சுல இருந்தா நடு மோட்டார். மலைக்கு நடு மோட்டார்தான் வேணும்னு ஏன் சொல்றாங்கன்னா, அதோட சக்தி செயின் வழியா, கியர் வழியா போகுது, ஏத்தத்துல சின்ன கியர் போட்டா மோட்டார் தனக்கு ஒத்து வர்ற வேகத்துலயே சுத்தும். குட மோட்டாருக்கு அந்த வசதி இல்ல, சுமையோட மெதுவா ஏறும்போது சூடாயிரும். இந்த விளக்கத்தைச் சொல் பக்கத்துலயே ஒரு வரி போட்டுறலாம்.

இழுபெட்டியில ரெண்டு வகை. ஒத்தச் சக்கரம் வெச்சது சைக்கிள் போன தடத்துலயே பின்னாடி வரும், ஒத்தையடிப் பாதைக்கு அதுதான் சரி, ஆனா சுமையில ஒரு பங்கு சைக்கிளோட பின் அச்சுல உக்காரும், நிறுத்தினா சைக்கிளோட சேர்ந்து சாயும், முப்பது நாப்பது கிலோவுக்கு மேல ஏத்த முடியாது. ரெட்டைச் சக்கரம் அதிகம் சுமக்கும், தானா நிக்கும், ஆனா சரிவுக்குக் குறுக்கே போகும்போது மேல் பக்கத்துச் சக்கரம் ஒரு கல்லு மேல ஏறினாப் போதும், கவுந்துரும். வளர்ந்த ஆண் எல்க் 300 கிலோவுக்கு மேல வரும், எலும்பு எடுத்த கறியே 80, 100 கிலோ தேறும். ஆகவே ஒத்தச் சக்கர இழுபெட்டின்னா ரெண்டு மூணு நடை, ரெட்டைச் சக்கரம்னா பாதை அகலமா இருக்கணும், இப்படித்தான் ஆளுங்க முடிவு பண்றாங்க. வில் சீசன் செப்டம்பர்ல, பகல்ல நல்ல வெயில் இருக்கும், தொடை எலும்பை ஒட்டின கறிதான் முதல்ல கெடும், அதனால தோலுரிச்சு, கூறு போட்டு, சீக்கிரம் இறக்கணும். ஓருருளி இழுபெட்டி, ஈருருளி இழுபெட்டின்னெல்லாம் வந்துருந்துச்சு, எனக்கு ஒத்தச் சக்கர இழுபெட்டி, ரெட்டைச் சக்கர இழுபெட்டியே போதும்.

இறக்கத்துல சுமையோட இழுபெட்டி சைக்கிளைப் பின்னாடி இருந்து தள்ளும், இதுக்கு ஒரு சொல் கட்டாயம் வேணும், விழுந்து கை உடைக்கறது பெரும்பாலும் ஏறும்போது இல்ல, இறங்கும்போதுதான். பின்தள்ளல்னு யாரோ எழுதியிருந்தீங்க, பின்னால தள்றதுன்னு மாறிப் புரியும். சுமைத்தள்ளுன்னு வெச்சா நேரா விஷயத்தைச் சொல்லும். வளைவுல பின்பக்கம் மடிஞ்சு முன்னால வர்றதுக்கு மடிப்புன்னு விட்டுறலாம்.

பேட்டரி பத்தி அதிகம் இல்ல, ரேஞ்சுக்கு ஓட்ட தூரம்னு ஏற்கனவே முடிவாயிருச்சு. ஒரே ஒரு குறிப்பு சேர்க்கணும்: விளம்பரத்துல போடற ஓட்ட தூரம் சமதரைக்கு, சுமை இல்லாம. அக்டோபர், நவம்பர் குளிருல லித்தியம் பேட்டரி குடுக்கறதே குறையும், உறைநிலைக்குக் கீழ சார்ஜ் போட்டா செல்லுக்குள்ள நிரந்தரமா சேதம் ஆகும், ராத்திரி கூடாரத்துக்குள்ள வெச்சுக்கறது அதனாலதான்.

> எல்க்குக்கு கடமான்னே போட்டா என்ன?

கடமான் நம்ம காட்டு மான், இலங்கையில மரைன்னு சொல்றது அதைத்தான். சிலோன்ல இருந்த வெள்ளைக்காரங்க அந்த மரையை எல்க்குன்னு எழுதி வெச்சுட்டுப் போனதுல இருந்து இந்தக் குழப்பம் ஓடுது, ஐரோப்பாவுல எல்க்னா அது மூஸ், மூணாவது மிருகம். எல்க் மான்னே இருக்கட்டும், வாபிட்டின்னு மாற்றுச் சொல்.

பேக்கன்ட்ரிக்கு, அதாவது ரோட்டை விட்டு ரொம்ப உள்ள தள்ளி இருக்கற பகுதிக்கு, உள்காடு. மரமே இல்லாத புல்வெளியும் அதுல வருமேன்னா, நம்ம ஊர்ல காடுன்னா சோளக்காடும் காடுதான், அந்த விரிவு சொல்லுக்குள்ளயே இருக்கு. 1964 சட்டத்து நிலத்துக்கு மட்டும் வனாந்தரம்னு ஒதுக்கி வெச்சுக்கலாம், பைபிள் வழியா எல்லாருக்கும் பழகின சொல், மரம் இருந்தாலும் இல்லாட்டியும் பொருந்தும். உள்காட்டுல இழுபெட்டி போகலாம், வனாந்தரத்துல போகக் கூடாது, வித்தியாசம் அவ்வளவுதான்.

மிச்சம் இருக்கறது ஒண்ணு. வனாந்தரத்துக்குள்ள சக்கரம் கூடாது, ஆனா அசையற பாகம் எதுவும் இல்லாத சறுக்குப் பலகையில கறியை வெச்சுக் கயித்தால இழுத்துட்டு வர அனுமதி உண்டு, பனி விழுந்த பிறகு அதுதான் வழக்கம். இழுபலகைன்னு எழுதி வெச்சிருக்கேன், எனக்கு முழுசா மனசு ஒப்பல. கடற்கரை ஊர்க்காரங்க யாராவது இருந்தா சொல்லுங்க, மணல்ல பாரத்தைத் தரையோட இழுத்துட்டுப் போறதுக்கு உங்க பக்கத்துல என்ன சொல் இருக்கு?