லேப்டாப் மைக் ஆடாசிட்டியில் மட்டும் ஊமை, வழி சொல்லுங்கள்

மேலூரிலிருந்து மதுரைக்கு அப்பத்தா வந்திருக்கிறார். அவர் பாடும் தாலாட்டைப் பதிவு செய்ய உட்கார்ந்தால், ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு சாஃப்ட்வேரில் வெறும் நேர்கோடுதான் ஓடுகிறது. விண்டோஸ் 11 லேப்டாப், யூ.எஸ்.பி. மைக். சனிக்கிழமை இரவிலிருந்து இப்படி.

செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குப் போய் மைக்ரோபோன் அனுமதியைக் கொடுத்துவிட்டேன். அதே பக்கத்தில் கீழே டெஸ்க்டாப் ஆப்களுக்கென்று தனி சுவிட்ச் ஒன்று ஒளிந்திருக்கிறது; அதுவும் ஆன். ரெக்கார்டிங் டிவைஸாக இந்த மைக்கைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறேன். போர்ட் மாற்றினேன், ரீஸ்டார்ட் செய்தேன். குரோமில் அதே மைக் கணீரென்று கேட்கிறது, அதனால் மைக் பழுதில்லை. டவுன்ஹால் ரோட்டுக் கடையில் கேட்டால் ஃபார்மட் போடணும் என்கிறார்கள். எதற்கெடுத்தாலும் அதுதான் மருந்து போல!

ஞாயிற்றுக்கிழமை அப்பத்தா ஊருக்குக் கிளம்பிவிடுவார். ஃபார்மட் போடாமல் ஆடாசிட்டிக்கு மைக் கேட்க வைக்க வேறு எந்த செட்டிங்கைப் பார்க்க வேண்டும்?