குளத்தில் மீன் செத்துவிட்டது. உரத்தைக் குறைத்தால் புல் தாங்குமா?

புல்வெளிக்காரன், டர்பன்

வணக்கம். தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே கடலோரத்தில் ஒன்பது குழி கோல்ஃப் மைதானம் ஒன்றில் ஆறு வருடமாகப் புல்வெளியைப் பார்த்துக்கொள்கிறேன். என் தாத்தா கேடி, அதாவது ஆட்டக்காரர்களின் கோல்ஃப் பையைத் தூக்கிப்போகும் வேலையில் இருந்தவர். 1963-ல் நம் இந்திய வம்சாவளி கோல்ஃப் வீரர் பாப்வா செவ்கோலம் நேட்டால் ஓப்பன் போட்டியில் ஜெயித்தும், அன்றைய நிறவெறி ஆட்சியில் கிளப் கட்டிடத்துக்குள் விடாமல் கொட்டும் மழையில் வெளியே நிறுத்திக் கோப்பையைக் கொடுத்த கதையை அவர் சொல்லிக் கேட்டு வளர்ந்தவன் நான். அப்படி நமக்கு மூடிக்கிடந்த ஒரு மைதானம் இன்று என் பொறுப்பில் இருக்கிறது. அதை நான் கெடுத்தேன் என்று பேர் வரக்கூடாது.

தைப்பூசக் காவடி முடிந்த வாரம், போட்டிக்காக ஃபேர்வே (குழியை நோக்கிப் போகும் நீண்ட புல்பாதை) முழுக்க உரம் போட்டோம். அன்று மாலையே இடி மழை. பத்து நாளில் நான்காம் குழி ஓரத்துக் குளம் கீரை கடைந்த சட்டி மாதிரி ஆனது. ஒரு நாள் விடியற்காலை போய்ப் பார்த்தால் திலேப்பியா மீன்கள் தண்ணீர் மட்டத்தில் வாயைப் பிளந்துகொண்டிருந்தன. ஏழு மணிக்குள் நாற்பது, ஐம்பது செத்துக் கரை ஒதுங்கின. வாளியில் நானேதான் அள்ளினேன். உரம் போட்ட அன்று மேகம் கட்டியிருந்ததைப் பார்த்தும் "இன்று வேண்டாம்" என்று அழுத்திச் சொல்லாதது என் தப்பு.

இப்போது கிளப் குழு கேட்பது: குளிர்காலத்திலும் எல்லா இடமும் பச்சையாக இருக்க வேண்டும், அதற்குக் குளிரிலும் பச்சையாக நிற்கும் ரை புல் விதைக்க வேண்டும். கிரீனை (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை) கொத்தும் ஹடீடா பறவைகளை விரட்டிப் பூச்சிமருந்தும் அடிக்க வேண்டும். எங்கள் ஃபேர்வேயில் இருப்பது கிகூயு புல், கிரீனில் சைனோடான் புல். எதை எப்படி மறுப்பது?

செல்வி, கேப் டவுன்

அண்ணா, படித்ததும் மனசு கனத்துவிட்டது. மீன் விடியற்காலையில் மேலே வந்ததே காரணத்தைச் சொல்லிவிடுகிறது. பாசி பகலில் ஆக்சிஜன் விடும், இரவில் அதுவே இழுத்துக்கொள்ளும். விடியும் நேரத்தில்தான் தண்ணீரில் ஆக்சிஜன் அடிமட்டத்துக்குப் போகும். நன்னீரில் பாசியைப் பெரும்பாலும் கிளப்பிவிடுவது பாஸ்பரஸ். மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். பாஸ்பரஸ் ஏற்கெனவே போதும் என்று வந்தால் அது இல்லாத உரத்துக்கு மாறிவிடலாம். நைட்ரஜனைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துப் போடுங்கள். வெட்டிய புல்லை அள்ளாமல் அங்கேயே விட்டால் அதிலிருந்தும் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும்.

ரை புல் விஷயத்துக்கு என்னிடம் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு ஹெக்டேரில் 1 மில்லிமீட்டர் தண்ணீர் என்றால் 10,000 லிட்டர். 20 ஹெக்டேருக்கு ஒரு தடவை 5 மில்லிமீட்டர் விட்டால் பத்து லட்சம் லிட்டர். உங்கள் பக்கம் குளிர்காலத்தில் மழை குறைவு, அதனால் அத்தனையும் குழாயிலிருந்தோ குளத்திலிருந்தோதான் வர வேண்டும். 2018 வறட்சியில் இங்கே ஒருவருக்கு நாளைக்கு 50 லிட்டர்தான் என்று அறிவித்தார்கள். குளித்த தண்ணீரைப் பிடித்துக் கழிப்பறைக்கு ஊற்றினோம். அந்தச் சமயத்தில் நான் வேலை பார்த்த இடத்தில் ஓடியது சுத்திகரித்த கழிவுநீர்தான், ஆனாலும் ஸ்பிரிங்க்ளர் சுற்றுவதைப் பார்த்தால் தெருவில் போகிறவர்களுக்குக் கோபம் வந்தது. பலகை எழுதி வைத்த பிறகுதான் அடங்கியது.

முதலில் ஒரே அளவு பில்சர்ட் மீன் டப்பாக்களைக் கழுவி ஃபேர்வேயில் வரிசையாக வையுங்கள். பதினைந்து நிமிடம் தண்ணீர் ஓடவிட்டு, எல்லா டப்பாவிலும் ஒரே அளவு விழுகிறதா என்று ஸ்கேலால் அளந்து பாருங்கள்.

பழைய தோட்டக்காரர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

தம்பி, ஹடீடாவை விரட்டாதே. அது நம்ம ஊர் அரிவாள்மூக்கனுக்கு உறவு. சும்மா கொத்தாது, அடியில் புழுவோ பிள்ளைப்பூச்சியோ இருப்பதால்தான் அங்கே வருகிறது. அது கொத்திய இடத்தில் ஒரு வாளி தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு கரண்டி கலந்து ஊற்று. இரண்டு மூன்று நிமிடத்தில் பிள்ளைப்பூச்சி தலை நீட்டும். எண்ணிக்கொள். ஒன்றிரண்டு என்றால் பறவையே பார்த்துக்கொள்ளும். நிறைய வந்தால் அந்த இடத்துக்கு மட்டும் மருந்து, அதுவும் குஞ்சுப் பருவத்தில். மைதானம் முழுக்க அடிக்கிற வேலை வேண்டாம்.

உன் கிரீனில் இருக்கும் சைனோடான் வேறு ஒன்றும் இல்லை, பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல் சாதிதான். காய்ந்த மாதிரி கிடக்கும், முதல் மழைக்கு எழுந்துவிடும். கிகூயுவும் சாகாது, குளிரில் நிறம்தான் மங்கும். நீ கவலைப்பட வேண்டியது குளத்துக்கரையை. கரையைச் சுற்றி ஐந்து மீட்டராவது புல் வெட்டாமல், உரம் போடாமல் விடு. கோரையும் நாணலும் தானாக வரும், ஓடிவரும் உரத்தில் ஒரு பங்கு வழியிலேயே அதுகளுக்குப் போகும். ஆகாயத்தாமரை மட்டும் ஒரு செடி தெரிந்தாலும் அன்றைக்கே பிடுங்கு.

குழுவுக்கு அறிக்கை எழுதாதே. விடியற்காலை அவர்களைக் குளத்துக்குக் கூட்டிக்கொண்டு போ.

புல்வெளிக்காரன், டர்பன்

ஐயா, செல்வி, இரண்டு பேருக்கும் நன்றி. நேற்று பன்னிரண்டு டப்பா வைத்தோம். ஒரே ஃபேர்வேயில் ஒன்றில் 3 மில்லிமீட்டர், இன்னொன்றில் 11. ஒரு தெளிப்பான் வாய் தேய்ந்து ஒரே பக்கம் கொட்டிக்கொண்டிருந்திருக்கிறது, அதுவும் குளத்துப் பக்கம். ஆறு வருடமாக அந்த ஓரம் மட்டும் எப்போதும் சொதசொதவென்று இருப்பது மண்ணின் குணம் என்றே நினைத்திருந்தேன்.

சோப்புத் தண்ணீருக்கு மூன்று பிள்ளைப்பூச்சி வந்தது. குழுத் தலைவர் பக்கத்திலேயே நின்று பார்த்தார். மருந்து பேச்சு இப்போதைக்கு இல்லை. ரை புல்லையும் டீ (முதல் பந்தை அடிக்கும் இடம்), கிரீன் அளவோடு நிறுத்த ஒத்துக்கொண்டார். ஃபேர்வேக்கு இந்த வருடம் கிடையாது.

இன்று காலை கரையைச் சுற்றி ஐந்து மீட்டர் அளந்து கயிறு கட்டிவிட்டேன். பந்து உள்ளே போனால் தேடக் கஷ்டம் என்று ஆட்டக்காரர்கள் முணுமுணுப்பார்கள். செல்வி, அந்தப் பலகையில் என்ன எழுதினீர்கள்? ஜூலுவிலும் ஆங்கிலத்திலும் ஒன்று எழுதி வைக்கப் போகிறேன்.