தனியாக இறங்குகிற டிராப்பில் கூட்டத்தோடு போனால் கை இறுகுது, ஏன்?

ஞாயிறுசவாரி:

வணக்கம். சிங்கப்பூர் புலாவ் உபின் தீவின் கெட்டாம் பார்க்கில் ஞாயிறு காலையில் ஆறு பேர் சேர்ந்து மலைச் சைக்கிள் ஓட்டுகிறோம். நீலச் சதுரக் குறி போட்ட நடுத்தரப் பாதையில் ஒரு சிக்கலும் இல்லை. கடினம் என்று கறுப்பு வைரக் குறி போட்ட பக்கம் திரும்பினால் முழங்கால் உயர டிராப் (படி மாதிரி சட்டென்று விழும் இறக்கம்), வேர் குறுக்கே ஓடும் செங்குத்து இறக்கம் என்று வருகிறது. தனியாக வந்தால் பத்துக்கு எட்டு தடவை சுத்தமாக இறங்க முடிகிறது. பின்னால் நாலு பேர் நின்றால் அதே இடத்தில் விரல் முன் பிரேக்கை அழுத்திவிடுகிறது.

சைக்கிள் 29 இஞ்ச் ஹார்ட்டெயில் (முன்னால் மட்டும் சஸ்பென்ஷன்), முன் சஸ்பென்ஷன் ஃபோர்க் அமுங்கும் தூரம் 120 மி.மீ., டயர் அகலம் 2.4 இஞ்ச், ஓட்டும்போதே சீட்டை இறக்கும் டிராப்பர் போஸ்ட் உண்டு. சைக்கிளில் குறை இல்லை.

கேள்வி இரண்டு. இது பயமா, பழக்கம் போதாததா? "யோசிக்காதே, விடு விடு" என்று பின்னாலிருந்து கத்தும் நண்பர்களிடம் அவர்கள் மனம் நோகாமல் என்ன சொல்வது?

செம்மண்வேர்:

பழக்கம் போதாத இடத்தில்தான் பயம் வந்து உட்காரும். இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டாம்.

ஆள் சேர்ந்தால் நமக்கு என்ன ஆகிறது என்ற ஆராய்ச்சியே சைக்கிளில் தொடங்கியது என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். 1898-ல் அமெரிக்காவில் நார்மன் டிரிப்லெட், சைக்கிள் பந்தயங்களின் நேரக் கணக்கைப் பார்த்து, தனியாக ஓட்டுவதைவிடப் பிறரோடு சேர்ந்து ஓட்டும்போது வேகம் கூடுகிறது என்று எழுதினார். அதற்கு எதிராகவும் சில முடிவுகள் பிறகு வந்தன. 1965-ல் உளவியலாளர் ராபர்ட் ஸாயன்ட்ஸ் அந்த முடிச்சை அவிழ்த்தார்: பக்கத்தில் ஆள் இருந்தால் உடம்பு முறுக்கேறும், அப்போது எது நமக்கு முதலில் கைவருமோ அது வெளியே வரும். நன்றாகப் பழகியது இன்னும் நன்றாக வரும், அரைகுறையாகப் பழகியது கெடும்.

உங்கள் "பத்துக்கு எட்டு" அந்த அரைகுறைதான். தவறுகிற அந்த இரண்டுதான் ஆள் பார்க்கும்போது முதலில் வெளிவருகிறது. அதனால் தனியாகப் பத்துக்குப் பத்து வரும்வரை அந்த டிராப்பைக் கூட்டத்தோடு தொடாதீர்கள். பத்தும் ஒரே நாளில் வந்தால் போதாது, மூன்று வெவ்வேறு நாளில் வரவேண்டும். பிறகு ஒரே ஒரு நண்பரோடு, அவர் கீழே நிற்க. அதற்குப் பிறகு ஆறு பேரோடு.

விளிம்பில் நடப்பதையும் சொல்கிறேன். மூச்சு நின்று போகும். தோள் காதுப் பக்கம் ஏறும். கண் தூரத்தை விட்டு முன் டயருக்கு வரும். சரியாக அந்த நேரம் விரல் முன் பிரேக் லீவரை இழுக்கும். ஃபோர்க் அமுங்கும், பின் சக்கரம் லேசாகும், முன் சக்கரம் வேகம் செத்து விளிம்பிலிருந்து செங்குத்தாக விழும். ஹேண்டில்பாருக்கு மேலே பறப்பது இதனால்தான். டிராப்பின் உயரம் அங்கே இரண்டாம் பட்சம்.

மாற்று என்ன? விளிம்புக்கு இரண்டு சைக்கிள் நீளம் முன்னால் ஓர் அடையாளம் பிடியுங்கள், ஒரு கல்லோ வேரோ. அதற்கு முன்னால் எப்போது வேண்டுமானாலும் காலை ஊன்றி நிற்கலாம், அது தோல்வி இல்லை. அதைத் தாண்டிவிட்டால் பிரேக்கைத் தொடவே கூடாது. மனசுக்கு முடிவெடுக்க ஓர் இடம் கொடுத்துவிட்டால் விளிம்பில் அது முடிவெடுக்கத் தவிக்காது. வேர் இறக்கத்துக்கு இந்த விதி பொருந்தாது. அங்கே பிரேக்கைச் சீராகப் பிடித்தே வரவேண்டும். ஈர வேர்மேல் சக்கரம் ஏறும் அந்தக் கணத்துக்கு மட்டும் முன் பிரேக்கைத் தளர்த்தி, வேரை முடிந்தவரை நேர்குறுக்காகக் கடக்க வேண்டும். சாய்வாக ஏறினால் டயர் வேரோடு வழுக்கி ஓடும்.

தார்ரோடு_தாண்டி:

செம்மண்வேர் சொன்ன பத்துக்குப் பத்தைக் காட்டில் தேட வேண்டாம். உங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருக்கும் நடைபாதை விளிம்பு போதும், சுமார் 10 முதல் 15 செ.மீ. இருக்கும். ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாகப் பாருங்கள்.

சீட்டை முழுசா இறக்குங்க. பெடல் இரண்டும் ஒரே மட்டத்தில். எடை காலில் இருக்கணும், கையில் இல்லை. குதிகால் சற்றே கீழே. முன் சக்கரம் விளிம்பை விட்டதும் ஹேண்டில்பாரை மெதுவாக முன்னோக்கித் தள்ளுங்க, இழுத்துத் தூக்க வேண்டாம். வேகம் மெல்லோட்ட வேகம். நிறையப் பேர் பயத்தில் நடை வேகத்துக்கும் கீழே குறைப்பாங்க. பின் சக்கரம் விளிம்புக்கு வருவதற்குள் முன் சக்கரம் கீழே போய்விடும். மெதுவாகப் போனால் பத்திரம் என்ற நினைப்பு டிராப்பில் தலைகீழாக வேலை செய்யும்.

15 செ.மீ.யில் சத்தமில்லாமல் இரண்டு சக்கரமும் ஒன்றாக இறங்கினால் 30-க்குப் போங்க, பிறகு 45. இரண்டு சக்கரமும் தனித்தனியா "தட், தட்" என்று கேட்டால் இன்னும் அதே உயரத்திலேயே இருக்கணும்.

இறுக்கத்துக்கு ஒரு சின்ன வேலை: அடையாளக் கல்லுக்கு வருவதற்கு முன் நாலு விரலையும் கிரிப்பின்மேல் ஒரு தடவை தட்டுங்க, வாயால் நீளமாக மூச்சை விடுங்க. இறுகிய கையால் விரலைத் தட்ட முடியாது. தட்ட வரலைன்னா அன்றைக்கு அந்த டிராப் வேண்டாம். காட்டில் ஐந்து முயற்சிக்கு மேல் ஒரே டிராப்பில் நிற்காதீங்க, மூன்று தொடர்ந்து கெட்டால் அங்கேயே நிறுத்துங்க. அதற்குமேல் போனால் கெட்டதைத்தான் பழகுறோம்.

டயரில் காற்று கூடினாலும் பயம் கூடும். சைக்கிள் வேரில் துள்ளும்போது பிடி இல்லைன்னு உடம்புக்குத் தெரிஞ்சுடும். 70 கிலோ எடைக்கு டியூப்லெஸ் 2.4-ல் முன்னால் 22, பின்னால் 25 பிஎஸ்ஐ என்று தொடங்கிப் பாருங்க.

கடைசிவண்டி:

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஓட்டுகிறவரைத் திருத்துவதைவிடக் குழுவின் பழக்கத்தைத் திருத்துவது சீக்கிரம் பலன் தரும். அதையும் டிரெயிலில், அதாவது காட்டுப் பாதையில், சொல்லக்கூடாது. சாங்கி பாயிண்டில் உபினுக்குப் போகும் படகுக்குக் காத்திருக்கும்போது சொல்லுங்கள். 12 பேர் சேர்ந்தால்தான் படகு கிளம்பும், பேச நேரம் கிடைக்கும்.

சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "நான் தள்ளிக்கிட்டு வர்றேன்னு சொன்னா காரணம் கேக்காதீங்க. நின்னு பாத்தா ஒண்ணும் சொல்லாதீங்க." காரணம் கேட்டால் விளக்க வேண்டும். விளக்குவது சங்கடமாக இருப்பதால்தான் பலர் மனசில்லாமல் இறங்கி விழுகிறார்கள். "விடு விடு" என்பதற்குப் பதிலாகப் பயனுள்ள தகவலைச் சொல்லச் சொல்லுங்கள்: "இறங்கின இடம் ஈரம்", "இடது பக்கம் போ". கேட்டால் மட்டும்.

வரிசை முக்கியம். பயப்படுகிறவரைக் கடைசியில் விடுவது வழக்கம், அது தப்பு. முன்னால் போனவர்கள் கீழே நின்று காத்திருப்பார்கள், கடைசி ஆள் வந்ததும் உடனே கிளம்புவார்கள். மற்றவர்களுக்கு ஐந்து நிமிட ஓய்வு, அவருக்கு ஒன்றுமில்லை. களைப்போடுதான் அடுத்த இறக்கத்துக்கு வருவார், களைப்பில் பயம் இரட்டிப்பாகும். கடைசி ஆள் வந்து தண்ணீர் குடித்து, "சரி" என்று அவரே சொன்ன பிறகுதான் குழு நகரவேண்டும். இந்த ஊர்ப் புழுக்கத்தில் மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் குடிக்க வேண்டியிருக்கும், அதற்கும் நேரம் வேண்டும்.

பயப்படுகிறவர் இரண்டாவதாகப் போகட்டும். முன்னால் நிதானமாக ஓட்டும் ஒருவர், அவர் போகும் லைனும் வேகமும் கண்ணுக்குத் தெரியும். பின்னால் யாரும் விளிம்புவரை வந்து நிற்கக்கூடாது, வளைவுக்கு அப்பாலேயே நிற்கட்டும். டிராப்பில் ஒரே நேரத்தில் ஒருவர்தான், கீழே போனவர் "கிளியர்" என்று கத்திய பிறகு அடுத்தவர். ஃபோன் கேமராவைக் கேட்காமல் நீட்டாதீர்கள். கேமராவைக் கண்டதும் மனுஷனுக்கு நிறுத்தும் உரிமை போய்விடுகிறது.

"கடைசியா ஒரு தடவை" என்ற பேச்சையும் விட்டுவிடுங்கள். முன்கை மரத்துப் போயிருக்கும், மனசு படகுக்குப் போயிருக்கும். கடைசிச் சுற்று எப்போதும் நீலப் பாதையில்.

ஞாயிறுசவாரி:

ரொம்ப நன்றி, அண்ணே. கடைசி ஆளுக்கு ஓய்வே கிடைப்பதில்லை என்பது இதுவரை கண்ணில் படவே இல்லை.

இன்னொன்று. குழுவில் ஒருவர் போன மாதம் ஹேண்டில்பாருக்கு மேலே போய் விழுந்தார். தோல் காயம் ஆறிவிட்டது. இப்போது நீலப் பாதையில்கூட இறக்கம் வந்தால் இறங்கித் தள்ளுகிறார். அவரை எப்படி மறுபடி கொண்டுவருவது?

கடைசிவண்டி:

முதலில் தலையைப் பாருங்கள். தலை அடிபட்டதா, டாக்டர் பார்த்தாரா? மூளை அதிர்ச்சியின் அறிகுறி சில மணி நேரம், ஒன்றிரண்டு நாள் கழித்தும் வரும்: தலைவலி, வெளிச்சம் கூசுவது, குழப்பம், எரிச்சல், தூக்கம் மாறுவது. இவை இன்னும் இருந்தால் தள்ளிக்கொண்டுகூட வரக்கூடாது, டாக்டர் அனுமதித்த பிறகுதான் சைக்கிள். டிரெயிலில் விழுந்த உடனே திரும்பத் திரும்ப வாந்தி, கழுத்து வலி, இரட்டைப் பார்வை, கை கால் மரப்பு, நினைவு மங்குவது எதுவாக இருந்தாலும் அசைக்காமல் 995-க்கு (ஆம்புலன்ஸ்) அழைக்க வேண்டும். அடிபட்ட ஹெல்மெட் வெளியே நன்றாக இருந்தாலும் உள்ளே நுரை நசுங்கியிருக்கலாம், புதிது வாங்கச் சொல்லுங்கள்.

அடுத்து சைக்கிள். ஹேண்டில்பார் நேராக இருக்கிறதா, பிரேக் லீவர் வளைந்ததா, பிரேக் டிஸ்க் உரசுகிறதா, ஹெட்செட் (ஹேண்டில்பார் திரும்பும் பேரிங்) ஆடுகிறதா. விழுந்த சைக்கிளில் பார் இரண்டு டிகிரி திரும்பியிருந்தாலும் "ஏதோ சரியில்லை" என்று உடம்பு சொல்லிக்கொண்டே இருக்கும், அதைப் பயம் என்று நினைத்துக்கொள்வோம்.

பிறகு விழுந்ததற்குக் காரணம் ஒன்றை அவரே பெயர் சொல்லிச் சொல்ல வேண்டும். "முன் பிரேக் பிடிச்சேன்", "வேகம் பத்தல". காரணம் தெரியாத விழுதல்தான் எல்லா இறக்கத்துக்கும் பரவும். தெரிந்தால் அந்த ஒன்றை நடைபாதை விளிம்பில் வைத்துத் திருத்தலாம்.

முதல் இரண்டு ஞாயிறு அவரோடு ஒருவர் மட்டும் போங்கள். செஸ்ட்னட் பார்க் மாதிரி இன்னொரு சைக்கிள் பாதை உள்ள இடத்தில் அவர் தேர்ந்தெடுத்த பாதை, அவர் தேர்ந்தெடுத்த நேரம். விழுந்த இடத்துக்கு அன்றே போக வேண்டாம். போகும் நாளில் சைக்கிளை மேலே வைத்துவிட்டு நடந்து இறங்கி, கீழிருந்து மேலே பார்க்கச் சொல்லுங்கள். கீழிருந்து பார்த்தால் அதே இறக்கம் சின்னதாகத் தெரியும், எங்கே தரை சமமாகிறது என்பதும் தெரியும்.

விழுந்த காட்சி திரும்பத் திரும்ப வந்து ஒரு மாதத்துக்குமேல் தூக்கம் கெட்டால் அது ஓட்டும் பழக்கத்தால் தீராது, மனநல மருத்துவரைப் பார்க்கட்டும்.

செம்மண்வேர்:

டயர் பற்றி ஒரு திருத்தம். உங்களுடையது ஹார்ட்டெயில். பின்னால் சஸ்பென்ஷன் இல்லாததால் டிராப்பில் முழு அடியும் டயருக்குத்தான். பின்னால் 25-ல் தொடங்கினால் ரிம் தரையில் மோதும் "டங்" சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள். கேட்டால் 27 வையுங்கள். டியூப் போட்ட டயர் என்றால் இருபுறமும் 28-க்குக் கீழே போக வேண்டாம், ரிம்முக்கும் வேருக்கும் நடுவில் டியூப் நசுங்கி இரட்டை ஓட்டை விழும்.