ஜெர்மனி முதியோர் இல்லங்களுக்குப் போயிருக்கும் சென்னை நர்ஸ்களுக்கு

சென்னையிலிருந்து ஜெர்மனிக்குப் போய் இறங்கும் தங்கைகள் முதல் மாதத்திலேயே என்னிடம் கேட்கும் கேள்வி இது: "அக்கா, பி.எஸ்சி. நர்சிங் படிச்சுட்டு இங்க வந்து குளிப்பாட்டி, சாப்பாடு ஊட்டிக்கிட்டு இருக்கேன். நான் நர்ஸா, ஆயாவா?" அங்கே முதியோர் இல்லத்தில் வேலை பார்த்துவிட்டு வந்து, இப்போது சென்னையில் கிளம்பத் தயாராகும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

நீங்கள் நர்ஸ்தான். நம்மூர் வார்டில் வேலை பிரிந்து கிடக்கிறது. ஊசி, டிரிப், சார்ட் எல்லாம் ஸ்டாஃப் நர்ஸுக்கு. உடம்பு துடைப்பதும் பெட்பேன் வைப்பதும் ஆயாம்மாவுக்கு. கஞ்சி ஊட்டுவது நோயாளியுடன் இருக்கும் சொந்தக்காரருக்கு. ஜெர்மனியில் அப்படித் துணைக்குத் தங்க யாரும் வரமாட்டார்கள், இது எல்லாமே நர்சிங்தான். 2020-ல் நடைமுறைக்கு வந்த சட்டம், ஒருவருக்கு என்ன பராமரிப்பு தேவை என்று கணிப்பதையும் அதைத் திட்டமிடுவதையும் முழுத்தகுதி பெற்ற நர்ஸ் மட்டுமே செய்யலாம் என்று ஒதுக்கி வைத்திருக்கிறது. உடம்பைத் தொட்டுப் பார்க்காமல் அதை எப்படிக் கணிப்பீர்கள்?

காலையில் குளிப்பாட்டும் அந்த இருபது நிமிடம்தான் முழுப் பரிசோதனை. குதிகாலையும் வால் எலும்புப் பகுதியையும் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி விடுங்கள். வெளுத்துவிட்டு மறுபடி சிவந்தால் பரவாயில்லை. அழுத்தியும் வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் அது பெட்சோரின் (படுக்கைப் புண்ணின்) முதல் நிலை. அன்றைக்கே பதிவு செய்து, படுக்கும் நிலையை மாற்றத் திட்டம் போட வேண்டும். கையைத் தூக்கும்போது முகம் சுளிக்கிறாரா? நாக்கு காய்ந்திருக்கிறதா? தோலைக் கிள்ளிப் பார்த்து நீர்ச்சத்தைக் கணிப்பதை வயதானவர்களிடம் நம்பாதீர்கள், தோல் ஏற்கெனவே தளர்ந்திருக்கும்.

இன்னொன்று. நேற்று வரை பேசிக்கொண்டிருந்தவர் இன்று திடீரென்று குழம்பினால் "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடாதீர்கள். காய்ச்சலே இல்லாமல் சிறுநீர்த் தொற்று குழப்பமாக மட்டும் வெளிப்படலாம். சத்தம் போடுகிறவரை எல்லோரும் கவனிப்பார்கள். திடீரென்று அமைதியாகி, எதிலும் ஆர்வமில்லாமல் படுத்துவிடுகிறவரும் அதே ஆபத்தில் இருக்கலாம். அவரைக் கண்டுபிடிப்பது நீங்களாகத்தான் இருக்கும். ஐ.சி.யூ. அனுபவம் இருப்பவர்களுக்கு மானிட்டர் இல்லாத இடத்தில் முதலில் கை உடைந்த மாதிரி இருக்கும். கண்ணும் விரலும் மூக்கும்தான் அங்கே மானிட்டர்.

அடுத்து, நம்மூர்ப் பழக்கத்தில் கை தானாகச் செய்யும் ஒரு காரியம்: பாட்டியைப் படுக்க வைத்ததும் கட்டிலின் பக்கக் கம்பியை ஏற்றிவிடுவது. அங்கே நிறுத்தி யோசியுங்கள். அவரே தெளிவாக "ஏற்றி வை" என்று கேட்டால் சரி. சம்மதம் சொல்லும் நிலையில் இல்லாதவரை எழுந்து நடக்கவிடாமல் தடுக்க ஏற்றினால், அது அவருடைய சுதந்திரத்தைப் பறிப்பதாகச் சட்டம் பார்க்கிறது. நீதிமன்ற அனுமதி வேண்டும். இடுப்பில் பெல்ட் கட்டுவதற்கும் இதேதான். விழுந்துவிடுவாரே என்று பயமாக இருந்தால் கட்டிலை முழுசாகத் தாழ்த்துங்கள், பக்கத்தில் மெத்தை விரியுங்கள், கால் பட்டால் மணியடிக்கும் பாயைக் கேளுங்கள். எனக்கு இந்தச் சட்டத்தின் மேல் பெரிய மரியாதை உண்டு. கையைக் கட்டிலோடு கட்டிவைத்திருக்கும் பெரியவர்களை நம்மூர் வார்டுகளில் நாம் எல்லோருமே பார்த்திருக்கிறோம்.

முடிவெடுக்கும் விஷயமும் அப்படித்தான். "பையன் வரட்டும்" என்று இங்கே சொல்வோம். அங்கே மகன் என்பதாலேயே மகன் முடிவு செய்ய முடியாது. முதியவரே எழுதிக்கொடுத்த அதிகாரப் பத்திரமோ நீதிமன்ற நியமனமோ இருக்க வேண்டும். எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறாரா என்று ஃபைலில் முதல் நாளே பாருங்கள். போனில் யார் கேட்டாலும் நிலவரம் சொல்லிவிடாதீர்கள்.

பாசமாகத்தான் என்றாலும் "பாட்டி", "தாத்தா" என்று ஜெர்மனில் கூப்பிட வேண்டாம். ஃபிரௌ (திருமதி) அல்லது ஹெர் (திரு) சேர்த்துக் குடும்பப் பெயரைச் சொல்லுங்கள். அறைக்குள் போகும் முன் கதவைத் தட்டுங்கள், அவர் பேச முடியாதவராக இருந்தாலும் சரி. அவர்களுடைய பழைய கதையையும் கேட்டு வையுங்கள். இன்று தொண்ணூறை நெருங்கும் பலர் 1945-ல் போர் முடிந்தபோது பள்ளிக்கூடப் பிள்ளைகள். சைரன் சத்தத்துக்கு நடுங்குகிறவரும், ரொட்டியை நாப்கினில் சுற்றித் தலையணைக்கடியில் வைக்கிறவரும் எதை நினைத்து அப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்தால் அதட்ட மனம் வராது.

மொழி விஷயத்தில் ஒன்றுதான். நுங்கம்பாக்கம் மாக்ஸ்முல்லர் பவனில் பி2 நிலை வரை ஜெர்மன் படித்து முடித்திருந்தாலும், தெற்கு ஜெர்மனியின் பவேரியாப் பெரியவர்களின் பேச்சு முதலில் பிடிபடாது. வெட்கப்படாமல் திரும்பக் கேளுங்கள். பெரியவர்களுக்கு நேரம் இருக்கிறது, சொல்லித்தருவார்கள்.

சம்பளம், காகிதம். உங்கள் பட்டம் அங்கே அங்கீகரிக்கப்படும் வரை உதவியாளராகத்தான் வைத்திருப்பார்கள். அவர்கள் படிப்போடு ஒப்பிட்டால் உங்கள் படிப்பில் என்ன குறைகிறது என்று பட்டியலிட்டுக் கடிதம் வரும். அதற்குப் பயிற்சிக் காலமோ, செய்முறையும் வாய்மொழியும் கொண்ட தேர்வோ முடிக்க வேண்டும். முதியோர் பராமரிப்பில் 2025 ஜூலை நிர்ணயப்படி உதவியாளருக்குக் குறைந்தபட்சம் மணிக்கு 16.10 யூரோ, முழுத்தகுதி நர்ஸுக்கு 20.50. அங்கீகாரம் வந்த தேதியிலிருந்தே சம்பளம் மாறும் என்று ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பாதியில் விலகினால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும் என்ற பத்தியைக் கையெழுத்துக்கு முன்னால் தெரிந்தவர் ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

இன்னும் சென்னையில் இருப்பவர்கள் கல்லூரியிலிருந்து ஒவ்வொரு பாடத்துக்கும் தியரி எத்தனை மணி, பிராக்டிகல் எத்தனை மணி என்று எழுதிய சான்றை இப்போதே வாங்குங்கள். அங்கே உங்கள் படிப்பை அதை வைத்துத்தான் ஒப்பிடுவார்கள். இப்போது வாங்காவிட்டால், ஜெர்மனி போன பிறகு அம்மாவை ஆபீஸ் ஆபீஸாக அலையவிட வேண்டியிருக்கும். சாந்தோமில் இருக்கும் நர்சிங் கவுன்சில் வேலையையும் சேர்த்தே முடியுங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் இந்திய விதிப்படி அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். லட்சக்கணக்கில் கேட்டால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். கிண்டியில் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது, முதலில் அங்கே விசாரியுங்கள்.

அதே கிண்டியில் 2024 பிப்ரவரியில் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனையும் இருக்கிறது, 200 படுக்கை. சென்னை மருத்துவக் கல்லூரியிலும் முதியோர் மருத்துவத் துறை உண்டு. கிளம்பும் முன் முதியோர் வார்டில் சில மாதமாவது டியூட்டி பார்க்க வழி கிடைத்தால் விடாதீர்கள். அங்கே இருக்கும் ஆயாம்மாக்களிடம், ஒருவரை வலிக்காமல் எப்படித் திருப்பிப் படுக்க வைப்பது என்று கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள்.