மட்டக்களப்பு கல்லடியில் வீடு வாடகைக்கு: பெயின்ட் அடிக்கவா, டயில்ஸ் போடவா?

கேள்வி: அம்மா அக்காவோடு கனடா போன பிறகு எங்கள் வீடு பூட்டியே கிடக்கிறது. இரண்டு அறை, ஓட்டுக்கூரை, கிணறு. போதனா வைத்தியசாலையில் வேலை செய்யும் குடும்பம் யாராவது வந்தால் நல்லது. கையில் காசு கொஞ்சம்தான். எதை முதலில் செய்வது?

பதில்: டயில்ஸை விடுங்க தம்பி. நான் வீடு பார்க்கப் போனால் முதலில் கிணற்றைத்தான் எட்டிப் பார்ப்பேன். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கிற ஊர், சில வளவுகளில் தண்ணீர் உவர்க்கும். இறைத்துத் துப்புரவாக்குங்க. குழாய்த் தண்ணீர் இருந்தால் விளம்பரத்தில் முதல் வரியே அதுதான். அப்புறம் ஓடு. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முதல் ஒரு ஆளை ஏற்றி உடைந்ததை மாற்றுங்க. மரத்தில் கறையான் இருக்கா என்றும் பார்க்கச் சொல்லுங்க. யன்னலுக்கு நுளம்பு வலை கட்டாயம். மிச்சக் காசுக்கு உள்ளே வெள்ளை அடித்தால் போதும். மதிலுக்குப் பச்சை, ரோஸ் எல்லாம் வேண்டாம், கல்யாண மண்டபமா என்று கேட்பார்கள்!

இன்னொருவர்: பாதி வீட்டை மட்டும் கொடுப்பதென்றால் கரண்ட் மீட்டரைத் தனியாக எடுங்கள். யூனிட் கூடக் கூட விலையும் ஏறும். ஒரே பில்லைப் பங்கு போட்டால் சண்டைதான்.

கேட்டவர்: முழு வீடும்தான் அண்ணா. சரி, கிணறு இறைக்க நாளைக்கே ஆள் பார்க்கிறேன். அம்மாவின் அலுமாரியை என்ன செய்வது?

பதில்: ஒரு அறையில் வைத்துப் பூட்டாதீர்கள், இரண்டு அறை வீடு ஒரு அறை ஆகிவிடும். சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்புங்க.