டாட்ஜ், பர்ன்: துலக்கு, கருக்கு என்று வைத்துக்கொள்ளலாமா?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். படம் திருத்தும் மென்பொருளில் ஓர் இடத்தை மட்டும் வெளிச்சமாக்கும் டாட்ஜ், ஓர் இடத்தை மட்டும் இருட்டாக்கும் பர்ன் ஆகிய இரண்டு கருவிகளுக்கும் தமிழில் என்ன சொல்வது என்று மூன்று நாளாக இந்த இழை ஓடுகிறது. புதிதாக வந்தவர்களுக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. படம் திருத்தும் போட்டியை நடத்துகிறவன் நான் என்பதால், வம்பு எங்கே தொடங்கியது என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

மாதம் ஒரு படம். குழுவில் யாராவது ஒருவர் தான் எடுத்த படத்தைத் தருவார். மற்றவர்கள் கையில் இருக்கும் மென்பொருளில் அதைத் திருத்தி அனுப்புவார்கள். பிறகு எல்லோரும் எல்லோருடையதையும் பார்த்துக் கருத்துச் சொல்வோம். பரிசு கிடையாது, நடுவர் கிடையாது. இந்த மாதப் படத்தில் ஓர் அத்தை முறுக்கு சுடுகிறார். விறகடுப்பு. பின்னால் ஒரு ஜன்னல், வெள்ளை வெளேரென்று. முகம் முழுக்க நிழலில். எண்ணெய்ச் சட்டியிலிருந்து எழும் புகை மட்டும் ஜன்னல் வெளிச்சத்தில் நூல் நூலாகத் தெரிகிறது. ஒன்பது பேர் திருத்தி அனுப்பினார்கள். அதில் ஒன்றுக்கு நம்மவர் ஒருவர், தனித்தமிழில் எழுதியே தீருவது என்ற வைராக்கியத்தில், இப்படிக் கருத்து எழுதினார்:

> அத்தையின் நெற்றியை இன்னும் கொஞ்சம் எரித்திருக்கலாம். கன்னத்தில் தப்பித்தது போதும்.

படத்துக்குச் சொந்தக்காரர் அரை மணி நேரத்தில் பதில் போட்டார்: "எங்கள் அத்தையை ஏன் சார் எரிக்கிறீர்கள்? அவர் இன்னும் மாவையே முடிக்கவில்லை."

கருத்துச் சொன்னவர் நல்லதைத்தான் சொன்னார். நெற்றியில் வியர்வை மினுமினுப்பு அதிகம், அதைக் கொஞ்சம் மங்கலாக்க வேண்டும். கன்னத்தை இதற்கு மேல் வெளிச்சமாக்க வேண்டாம். அவ்வளவுதான். பர்னை எரி என்றும் டாட்ஜைத் தப்பி என்றும் அகராதி பார்த்து எழுதியதால் வந்த வினை.

இந்த இரண்டு சொற்களும் எங்கிருந்து வந்தன என்பதை ஒருமுறை பார்த்துவிட்டால் பாதி விவாதம் அடங்கும் என்று நினைக்கிறேன். எண்பதுகளின் கடைசியில் எங்கள் ஊர் ஸ்டுடியோ ஒன்றில் எடுபிடியாக இருந்தேன். படம் கழுவும் இருட்டறையில் சிவப்பு விளக்கு, ஹைப்போ என்ற ரசாயனத்தின் நெடி. படத்தைப் பெரிதாக்கித் தாளில் விழவைக்கும் என்லார்ஜரில் நெகட்டிவை வைத்து விளக்கைப் போட்டால் வெளிச்சம் கீழே இருக்கும் தாளில் விழும். தாளில் எங்கே வெளிச்சம் அதிகம் விழுகிறதோ, கழுவும்போது அங்கேதான் அதிகம் கறுக்கும். முகம் கறுத்துவிடும் போலிருந்தால், ஒரு கம்பி முனையில் ஒட்டிய அட்டை வட்டத்தை நடுவில் நீட்டி, முகத்துக்கு மட்டும் இரண்டு விநாடி வெளிச்சம் போகாமல் தடுப்பார்கள். அது டாட்ஜ். வானம் வெளுத்திருந்தால் மற்றதையெல்லாம் கையால் மறைத்து, விரல் இடுக்கு வழியாக வானத்துக்கு மட்டும் இன்னும் நாலு விநாடி கொடுப்பார்கள். அது பர்ன். அட்டையையும் கையையும் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே இடத்தில் நிறுத்தினால் தாளில் விளிம்பு விழுந்துவிடும். நான் முதல் வாரத்தில் கையை ஆட்டாமல் வைத்திருந்து, ஒரு மாப்பிள்ளையின் தலையைச் சுற்றிச் சாமி படம் மாதிரி ஒளிவட்டம் போட்டுக் கொடுத்தேன். அந்தத் தாளின் விலை என் சம்பளத்தில் போனது.

போட்டோஷாப்பை எழுதிய நோல் சகோதரர்களின் அப்பா வீட்டிலேயே இருட்டறை வைத்திருந்தவர். மென்பொருளில் அந்தப் பழைய பெயர்கள் அப்படியே குடியேறியதில் ஆச்சரியம் இல்லை. படக்குறிகளையும் பாருங்கள்: டாட்ஜுக்குக் கம்பி முனையில் ஒரு வட்டம், பர்னுக்குக் குவித்த கை. குச்சி மிட்டாய் ஏன் இருக்கிறது என்று போன வருடம் ஒருவர் கேட்டாரே, அது மிட்டாய் இல்லை, எங்கள் அட்டை.

இனி உங்கள் முன்மொழிவுகள்.

> ஒளிகூட்டு, ஒளிகுறை என்று எளிமையாக வைத்துக்கொள்ளலாம்.

பார்க்க எளிமைதான். ஆனால் மேலே சொன்னதை யோசியுங்கள். இருட்டறையில் ஒளியைக் கூட்டினால் படம் கறுக்கும். திரையில் ஒளியைக் கூட்டினால் படம் வெளுக்கும். அங்கே பர்ன்தான் ஒளிகூட்டு, இங்கே டாட்ஜ் ஒளிகூட்டு. பழைய ஆட்களும் புதிய ஆட்களும் ஒரே சொல்லை எதிரும் புதிருமாகப் பயன்படுத்துவார்கள். போதாக்குறைக்கு பிரைட்னஸ், எக்ஸ்போஷர் இரண்டுக்கும் ஏற்கனவே ஒளியை வைத்துத்தான் சொல் செய்திருக்கிறோம். வேண்டாம்.

> ஸ்டுடியோக்காரர்கள் சொன்ன சொல்லையே எடுக்கலாமே?

எனக்கும் ஆசைதான். எங்கள் மாஸ்டர் டாட்ஜை "மறைச்சுக் குடு" என்பார், பர்னை "அங்க கூட விடு" என்பார். வேலைக்கு அதுவே போதும். ஆனால் இன்று எல்லா மென்பொருளிலும் மறை என்றால் படத்தின் மேல் போடும் அடுக்கை (லேயர்) கண்ணில் படாமல் ஒளித்து வைப்பது. ஒருவர் கன்னத்தை மறை என்று எழுதினால் அடுத்தவர் கன்னத்தையே காணாமல் அடித்துவிடுவார்.

ஆகவே வெளிச்சத்துக்கு என்ன நடந்தது என்பதை விட்டுவிட்டு, படத்துக்கு என்ன நடக்கிறது என்பதை வைத்துச் சொல் தேடினேன். துலக்கு, கருக்கு. முறுக்குச் சட்டியைப் பார்த்துக்கொண்டே யோசித்ததால் வந்திருக்கலாம். அடிப்பிடித்தால் கருகும், சாம்பல் போட்டுத் தேய்த்தால் துலங்கும்.

எனக்குப் பிடித்தது அவை ஜோடியாக நிற்பது. துலங்கு, துலக்கு, கருகு, கருக்கு. தானே நடப்பதற்கு ஒன்று, நாம் செய்வதற்கு ஒன்று. நிழலில் இருந்த முகம் துலங்குகிறது, நாம் அதைத் துலக்குகிறோம். படத்தின் ஓரம் கருகுகிறது, நாம் அதைக் கருக்குகிறோம். போட்டோஷாப்பில் ஆல்ட் விசையைப் பிடித்தால் ஒன்று மற்றொன்றாக மாறும். கிம்ப் என்ற இன்னொரு மென்பொருளில் கண்ட்ரோல் விசை, அங்கே இரண்டும் ஒரே கருவி. இப்படி அடிக்கடி இடம் மாறுகிற இரண்டுக்கு ஒரே வார்ப்பில் சொல் இருந்தால் கை தடுமாறாது. கருவியின் பெயராக வேண்டுமென்றால் துலக்கி, கருக்கி.

> துலக்கு என்றால் பல் துலக்குவதுதான் ஞாபகம் வரும். சிரிப்பார்கள்.

சிரிக்கட்டும். நாம் துப்பும் துலக்குகிறோமே? இருளில் கிடந்ததை வெளியே கொண்டுவருவது என்ற பொருள் அதில் இருக்கிறது. டாட்ஜ் செய்வதும் அதுதான். இல்லாத ஒன்றை அது வரைவதில்லை. நிழலுக்குள் ஏற்கனவே இருப்பதைத் தெரியவைக்கிறது. அந்த வகையில் ஆங்கிலச் சொல்லைவிட நம் சொல் மேல் என்பேன்.

> கருக்கு என்பது பனைமட்டையின் ரம்பப் பல். கருக்கல் என்றால் விடிகாலை இருட்டு. குழப்பம் வராதா?

பனங்கருக்கு பெயர்ச்சொல். ஏவலாக வரும்போது யாரும் பனைமரத்தை நினைக்க மாட்டார்கள். கருக்கல் பொழுது எனக்கு இடைஞ்சலாகத் தெரியவில்லை, உதவியாகத்தான் தெரிகிறது. ஓரங்களில் மெல்ல இருட்டைக் கொண்டுவருவதுதானே நாம் செய்வது? அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் 1941-ல் நியூ மெக்சிகோவின் எர்னாண்டஸில் எடுத்த நிலாப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். அதே நெகட்டிவிலிருந்து பல ஆண்டுகள் அச்சுப் போட்டுக்கொண்டே இருந்தார். பிந்திய அச்சுகளில் வானம் கிட்டத்தட்ட முழுக் கறுப்பு. முந்தியவற்றில் மேகம் இன்னும் தெரியும். இளமையில் பியானோ பயின்றவர் அவர். நெகட்டிவை இசைக் குறிப்புக்கும் அச்சைக் கச்சேரிக்கும் ஒப்பிடுவார். ஒரே கீர்த்தனையை ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாகப் பாடுவதைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நம் மாதப் போட்டியும் அதேதான், ஒரு கீர்த்தனை, ஒன்பது பாடகர்கள். சுருதி விலகியவர்களும் உண்டு.

சரி, சொற்களை வேலைக்கு விட்டுப் பார்ப்போம் என்று, வந்த படங்களில் இரண்டுக்குக் கருத்தை மறுபடி எழுதினேன்.

மூன்றாவது படம்: "முகத்தை நன்றாகத் துலக்கியிருக்கிறீர்கள், மூக்குத்திகூடத் தெரிகிறது. ஆனால் ஒரே இழுப்பில் செய்தது தெரிகிறது. கன்னம் சுண்ணாம்பு பூசினாற்போல் ஆகிவிட்டது. வீச்சில் (ரேஞ்ச்) வெளிர்ப்பகுதியை விட்டு இடைப்பகுதியைத் தேர்ந்தெடுத்து, கருவியின் அளவை (எக்ஸ்போஷர்) ஐந்து, பத்து சதவீதத்தில் வைத்து, பலமுறை தடவித் துலக்குங்கள். புகையைத் தொடாதீர்கள், அது தானாகவே துலங்குகிறது."

ஏழாவது படம்: "ஜன்னலைக் கருக்க முயன்றிருக்கிறீர்கள். அங்கே சிவப்பு, பச்சை, நீலம் மூன்று நிறமும் உச்ச அளவான 255-ல் முட்டி நிற்கிறது, உள்ளே விவரமே இல்லை. அதைக் கருக்கினால் சாம்பல்தான் மிஞ்சும். ஜன்னலை அப்படியே வெளுப்பாக விட்டு, அதைச் சுற்றியுள்ள சுவரைக் கருக்குங்கள். கண் அத்தையிடம் திரும்பும்."

சாம்பல் என்று எழுதிவிட்டு நானே சிரித்துக்கொண்டேன். இட்டுக்கட்டியது இல்லை, வெள்ளையைக் கருக்கினால் உண்மையிலேயே சாம்பல் நிறம்தான் வரும். இரண்டையும் அசல் படத்தில் செய்யாமல், மேலே ஐம்பது சதவீதச் சாம்பல் அடுக்கு ஒன்றைப் போட்டு, அடியில் இருக்கும் படத்தோடு கலக்கும் ஓவர்லே முறையில் வைத்து அதன்மேல் செய்யுங்கள் என்பது தனி அறிவுரை. பிடிக்காவிட்டால் அடுக்கைத் தூக்கிப் போட்டுவிடலாம். ஸ்டுடியோவில் எனக்கு அந்த வசதி இருந்திருந்தால் ஒரு மாதச் சம்பளம் மிஞ்சியிருக்கும்.

கலர் டாட்ஜ், கலர் பர்ன் என்ற கலப்பு முறைகளுக்கும் இது நீளும்: நிறத்துலக்கம், நிறக்கருக்கம். நிறச் செறிவைக் கூட்டிக் குறைக்கும் ஸ்பாஞ்ச் கருவியை இப்போது தொட வேண்டாம். புகைப்படமா, ஒளிப்படமா, நிழற்படமா என்று இந்த இழையில் யாரும் ஆரம்பிக்கவும் வேண்டாம், கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். நேற்றிரவு படத்தின் சொந்தக்காரர் தனிமடலில் கேட்டார்: "முகத்தைத் துலக்கு என்றால் அத்தைக்குச் சந்தோஷம். நெற்றியைக் கருக்கு என்றால்? எரித்ததற்கும் கருக்கியதற்கும் அவருக்கு என்ன வித்தியாசம்?" நியாயம். சுவரைக் கருக்கு, வானத்தைக் கருக்கு, ஓரத்தைக் கருக்கு எல்லாம் காதில் ஒட்டுகிறது. ஆள் முகத்தோடு சேர்த்தால் கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது. "நெற்றி மினுமினுப்பைக் கருக்கு" என்று எழுதிப் பார்த்தேன், சற்றுத் தேவலை. மட்டுப்படுத்து என்பது நீளம். மங்கவை என்றால் கூர்மை போய்விட்ட பொருள் வருகிறது. கறுப்பு ஏற்று என்று அத்தையிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

துலக்குக்கு இதுவரை ஆறு பேர் சம்மதம் சொல்லியிருக்கிறீர்கள், அதைச் சொற்பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். கருக்குக்கு இதைவிட நல்லது தோன்றினால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். ஒரே நிபந்தனை: துலக்கோடு ஜோடி சேர வேண்டும், ஓர் ஆளின் நெற்றியோடு சேர்த்து வாய்விட்டுச் சொல்லிப் பார்த்திருக்க வேண்டும்.

அடுத்த மாதத்துக்கு ஆள் முகமே இல்லாத படம் ஒன்றை யாராவது கொடுங்கள்.

அன்புடன்,
போட்டி நடத்துகிறவன்