தவக்காலத்தில் மறக்க முடியாத ஒரு சந்திப்பு: உங்கள் அனுபவம் என்ன?

குருநகர் மருமகள்

2024 மார்ச் 8. சிவராத்திரியும், உயிர்ப்புப் பெருநாளுக்கு முன் நாங்கள் கத்தோலிக்கர் நோன்பிருக்கும் தவக்காலத்தின் வெள்ளியும் ஒரே நாளில் வந்தது. பக்கத்து வீட்டு அக்கா காலையிலிருந்து தண்ணீர் கூடக் குடிக்கவில்லை. கோயிலுக்குப் போகிற வழியில் வேலியடியில் நின்று கதைத்தார். எங்கள் அடுப்பில் நண்டுக்குழம்பு.

"இண்டைக்கு உங்களுக்கும் விரதம்தானே?" என்றார். ஓம் அக்கா, வெள்ளிக்கிழமையில் இறைச்சி சேர்க்க மாட்டோம் என்றேன். குசினிப் பக்கம் ஒருமுறை பார்த்தார். "ஓ" என்றார். கிண்டலே இல்லை, உண்மையாகவே விளங்கிக்கொள்ளப் பார்த்தார். அந்த "ஓ" இன்னும் காதுக்குள் நிற்கிறது. மீனுக்குத் தடையில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் யாழ்ப்பாணத்து மீன்பிடி ஊரான குருநகரில் இருந்துகொண்டு இறைச்சியை விடுவது ஒரு துறவா?

பழைய உபதேசியார்

தங்கச்சி, வீணாக மனம் உழல வேண்டாம். 14 வயது நிரம்பியவர்கள் தவக்கால வெள்ளிகளில் இறைச்சி விலக்க வேண்டும். ஒருசந்தி, அதாவது நாளுக்கு ஒரு முழுச் சாப்பாடு, 18 வயதிலிருந்து 59 வரைக்கும்தான், அதுவும் தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனுக்கும் பெரிய வெள்ளிக்கும். மீனும் நண்டும் குற்றமில்லை. சில்லாலையில் எங்கள் அம்மம்மாவுக்கு இந்த வயதுக் கணக்கைப் பாதர் வீட்டுக்கே வந்து எடுத்துச் சொன்னார். "என்ர வயதைப் பாக்கிறவர் மேல இருக்கிறார் பாதர், நீங்கள் தேத்தண்ணியைக் குடியுங்கோ" என்று அனுப்பிவிட்டா.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். விபூதிப் புதன் பூசையில் யோவேல் வாசகம் கேட்டிருப்பீர்கள்: உடையையல்ல, இதயத்தைக் கிழித்துக்கொள்ளச் சொல்கிறது. ஆகவே வாய்க்குப் பிடித்ததை விடுங்கள். நண்டு பிடிக்குமென்றால் நண்டை விடுங்கள், அந்தக் காசைத் தவக்கால உண்டியலில் போடுங்கள். ஏசாயா 58 ஆம் அதிகாரத்தை வீட்டில் எல்லோரும் இருந்து சத்தமாக வாசியுங்கள். இரவு எட்டு மணிக்குப் பிறகு கைத்தொலைபேசியைத் தொடாதீர்கள். கோபித்துக்கொண்ட உறவினர் யாராவது இருந்தால் குருத்தோலை ஞாயிறுக்கு முதல் போய்ப் பாருங்கள், வெறுங்கையோடு போகாதீர்கள். ஞாயிறுகளைக் கழித்தால்தான் 40 நாள் வரும் என்று சொல்லிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் விட்ட தொடர்நாடகங்களையெல்லாம் சேர்த்துப் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். யாரென்று சொல்லமாட்டேன்.

பாஷையூர்ப் பொடியன்

உபதேசியார் ஐயா, அக்கா கேட்டது சட்டம் இல்லையே. சரி, என்னுடையது சின்ன விஷயம். அதே வருடம் விபூதிப் புதன் பெப்ரவரி 14 இல் வந்தது. பஸ்ஸில் பாதிப் பேர் கையில் ரோசாப்பூ, என் நெற்றியில் சாம்பல். நடத்துநர் ஐயாவின் நெற்றியில் மூன்று குறி. "உதென்ன தம்பி, எங்கட சாமானைச் சிலுவையாப் போட்டிருக்கிறாய்?" என்றார். போன வருடத்துக் குருத்தோலையை எரித்த சாம்பல் ஐயா என்றேன். "சாணம் இல்லையோ?" என்று கேட்டுக் கொஞ்சம் யோசித்தார். "எரிஞ்சாப் பிறகு எல்லாம் ஒண்டுதான். உள்ளுக்குப் போ, வாசலை மறிக்காத."

தியானங்களில் எவ்வளவோ கேட்டிருக்கிறேன். மனதில் நிற்பது இதுதான்.

நெடுந்தீவான்

தவக்காலத்தில் இலங்கை, இந்தியா இரண்டு பக்கத்து மீனவர்களும் கூடும் கச்சதீவு அந்தோனியார் திருநாள் எப்படி நடக்கும் என்று இங்கே விளக்கத் தேவையில்லை. 2023 இல் அண்ணையை நான்தான் வற்புறுத்திக் குறிகட்டுவான் துறையில் படகேற்றினேன். அதற்குச் சற்று முன்னர்தான் இந்திய இழுவைப்படகு ஒன்று அவருடைய வலையை அள்ளிக்கொண்டு போயிருந்தது. கடனுக்கு வாங்கின வலை. மிதவை கூட மிஞ்சவில்லை.

சிலுவைப்பாதையில் பதினான்கு தலங்களில் நின்று நின்று செபித்துப் போகும்போது சிலுவையை ஆள் மாறி ஆள் தூக்குவார்கள் அல்லவா? ஒரு தலத்தில் பின்பக்கம் அண்ணையின் தோளுக்கு வந்தது. முன்பக்கம் ராமேஸ்வரத்து ஆள் ஒருவர், வயது அண்ணையளவுதான் இருக்கும். அடுத்த தலத்தில் செபம் சொல்லி முடியும்வரை நின்றபோது அவர் திரும்பி, "நீங்க எந்த ஊருண்ணே?" என்று பேச்சுக் கொடுத்தார். தொழில் என்ன என்று அண்ணை கேட்டார். "விசைப்படகுல கூலிக்குப் போறேண்ணே. படகு முதலாளியோடது." வலையை அள்ளினதும் அப்படியான படகுதான். அண்ணையின் கழுத்து நரம்பு புடைத்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். சிலுவையைப் போட்டுவிட்டு அந்த ஆளின் சட்டையைப் பிடிக்கப்போகிறார் என்றே நினைத்தேன். மணி அடித்தது, பாட்டுத் தொடங்கியது, இரண்டு பேரும் நடந்தார்கள். அடுத்த தலம் வந்தது, வேறு ஆட்கள் கை கொடுக்க வந்தார்கள். அண்ணை விடவில்லை. அந்த ஆளும் விடவில்லை.

திரும்பி வரும்போது படகில் கேட்டேன். "மன்னிச்சிட்டன் எண்டு நினைக்காத" என்றார். "கட்டை நல்ல பாரம். நான் விட்டிருந்தா அவன்ர காலிலதான் விழுந்திருக்கும்."

அடுத்த வருடம் ராமேஸ்வரத்துப் படகுகள் திருநாளுக்கு வரவேயில்லை. இலங்கைச் சிறையில் இருந்த தங்கள் மீனவர்களுக்காகப் புறக்கணித்தார்கள்.

மாதகல் கரை

நெடுந்தீவான் எழுதினதை வாசித்துப் பல பேர் கண் கலங்குவீர்கள். நான் கலங்கவில்லை. எங்கள் வீட்டிலும் வலை போயிருக்கிறது. அடியோடு அள்ளும் இழுவை மடியை 2017 இல் எங்கள் நாட்டுச் சட்டம் தடை செய்தது. எங்கள் ஆட்களும் அந்தத் தொழில் செய்தவர்கள்தான், அதையும் மறைக்கத் தேவையில்லை. அந்தக் கூலிக்காரரில் எனக்குக் கோபம் இல்லை. படகு முதலாளி கச்சதீவுக்கு வந்து சிலுவை தூக்கினதாக யாராவது கண்டீர்களா?

அண்ணையிடம் சொல்லுங்கள்: வலை போன அன்றைக்கே முறைப்பாடு எழுதிக் கொடுக்க வேண்டும், அதற்கான பற்றுத்துண்டை வாங்கி வைக்க வேண்டும், மிஞ்சின வலைத்துண்டைப் படம் எடுக்க வேண்டும். மீனவர் சங்கத்திலும் பதிய வேண்டும். பிறகு, உபதேசியார் போன்றவர்கள் பாதர்மாரோடு கதைக்கக்கூடியவர்கள். திருநாளுக்கு யாழ்ப்பாண மறைமாவட்டத்துக் குருமாரும் வருகிறார்கள், சிவகங்கை மறைமாவட்டத்துக் குருமாரும் வருகிறார்கள். பிரசங்கத்தில் ஐந்து நிமிடம் வலையைப் பற்றிக் கதைக்கச் சொல்லுங்கள். தவக்காலத்தில் அதைக் கதைக்காமல் வேறு எப்போது கதைப்பது? கதைப்பார்கள் என்றால் அடுத்த முறை நானும் குறிகட்டுவானுக்கு வாறேன்.